சீரியல் லைனில் செய்தி பரிமாறும் நிரல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீரியல் லைனுக்கு (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் கம்பி இணைப்பு) செய்தி என்றால் என்னவென்று தெரியாது. அது சுமப்பது பைட்டுகளை மட்டுமே: ஒரு ஸ்டார்ட் பிட், 8 தரவு பிட், ஒரு ஸ்டாப் பிட். அடுத்த பைட் உடனே வரலாம், ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம். செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிரல்தான் தீர்மானிக்க வேண்டும். இதை மறந்து எழுதிய நிரல் சோதனை மேசையில் ஒழுங்காக ஓடும். களத்தில் இறங்கியதும் காலை வாரிவிடும்.

இருப்பதிலேயே பரவலான தவறு, லைனிலிருந்து படிக்கும் ஒரு ரீட் அழைப்பு ஒரு முழுச் செய்தியைத் தரும் என்று நம்புவது. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாகிறது, ஆக நொடிக்கு 960 பைட். 24 பைட் செய்தி வந்து முடிய 25 மில்லிநொடி ஆகும். இடையில் ரீட் திரும்பினால் 7 பைட், பிறகு 16, பிறகு 1 என்று துண்டு துண்டாகக் கிடைக்கும். ஒரு செய்தியின் வாலும் அடுத்ததன் தலையும் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. பலர் இதற்கு 50 மில்லிநொடி ஸ்லீப் போடுகிறார்கள். அது தவறை மறைக்கிறதே தவிர தீர்ப்பதில்லை. செய்தி நீண்டாலோ, யுஎஸ்பி அடாப்டர் பைட்டுகளைச் சேர்த்துவைத்து அனுப்பினாலோ கணக்கு தப்பிவிடும். வந்ததையெல்லாம் ஒரு பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) சேர்த்துக்கொண்டே போங்கள். அதில் முழு ஃப்ரேம் (எல்லை குறித்த ஒரு செய்தி) உருவான பிறகே பிரித்தெடுங்கள்.

ஃப்ரேமின் எல்லையை எப்படிக் குறிப்பது? தொடக்கக் குறியும் நீளமும் வைப்பது பழகிய வழி. ஆனால் நீள பைட்டிலேயே ஒரு பிட் புரண்டால்? 12 என்பது 140 ஆகிவிடும். பெறும் பக்கம் வராத 128 பைட்டுக்காகக் காத்திருந்து, பின்னால் வரும் நல்ல செய்திகளையும் விழுங்கும். எனவே நீளத்துக்கு உச்சவரம்பு வேண்டும். செய்தி சிதையாமல் வந்ததா என்ற சரிபார்ப்பு தோற்றால் பஃபரை மொத்தமாகக் கொட்டிவிடக் கூடாது. தோற்ற தொடக்கக் குறிக்கு அடுத்த பைட்டிலிருந்து மறுபடி தேட வேண்டும். நல்ல செய்தி அதற்குள்ளேயே இருக்கக்கூடும்.

எங்கள் பரிந்துரை, தரவுக்குள் ஒருபோதும் வராத முடிவுக்குறி. 1988இல் ஆவணமான ஸ்லிப் முறையில் முடிவுக்குறி 192. தரவில் 192 வந்தால் 219, 220 என இரண்டாக அனுப்புவார்கள். 219 வந்தால் 219, 221. எந்த இடத்தில் குழம்பினாலும் அடுத்த 192 வந்ததும் லைன் தெளிந்துவிடும்.

பாரிட்டி (ஒவ்வொரு பைட்டோடும் போகும் ஒரு சரிபார்ப்பு பிட்) போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரே பைட்டில் இரண்டு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. பைட்டுகளின் வெறும் கூட்டுத்தொகையோ, இரண்டு பைட் இடம் மாறினாலும் மாறாது. 16 பிட் சிஆர்சி (பைட்டுகளின் வரிசையையும் கணக்கில் எடுக்கும் சரிபார்ப்பு எண்) போடுங்கள். அதில் வகைகள் பல என்பதால் இரு பக்கமும் ஒரே வகையா என்று பார்க்க "123456789" என்ற ஒன்பது எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள்: மோட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) வகை 19255 தர வேண்டும். மோட்பஸ் கீழ் பைட்டை முதலில் அனுப்பும் என்பதையும் கவனியுங்கள்.

லினக்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. போர்ட்டை முனையமாகக் கருதும் அமைப்பு மாறாமல் இருந்தால், 13 என்ற பைட் 10 ஆக மாறும், 17ம் 19ம் காணாமல் போகும். 19 வந்தால் உங்கள் அனுப்பும் பக்கமே நின்றுவிடும். எழுத்துகளை அனுப்பிச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. அளவீடு 19ஐத் தொடும் நாளில்தான் வெளிப்படும். போர்ட்டைத் திறந்ததும், பைட்டுகளை அப்படியே தரும் 'ரா' நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

சி மொழியின் ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளின் தொகுப்பை) அப்படியே அனுப்புவதும் கூடாது. கம்பைலர் இடையில் நிரப்பும் பைட்டுகளும் பைட் வரிசையும் எதிர்ப்பக்கத்தில் வேறாக இருக்கலாம்.

டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரத்தை) கணக்குப் போட்டு வையுங்கள். 9600இல் 256 பைட் பதில் வந்து சேரவே 267 மில்லிநொடி ஆகும். 200 வைத்தால் எப்போதும் தோல்விதான். அதைவிடப் பொல்லாதது தாமதமாக வரும் பதில். முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கானதாக நிரல் எடுத்துக்கொண்டால், அதன்பின் ஒவ்வொரு பதிலும் ஓர் இடம் தள்ளியே பொருந்தும். செய்திக்கு வரிசை எண் கொடுத்து, பொருந்தாததைத் தூக்கி எறியுங்கள். மறுமுயற்சியில் ஒரே கட்டளை இருமுறை போகலாம் என்பதால் "வால்வை மாற்று" என்று அனுப்பாமல் "வால்வைத் திற" என்று அனுப்புங்கள்.

அனுப்புவதும் பெறுவதும் ஒரே ஜோடிக் கம்பியில் நடக்கும் இரண்டு கம்பி ஆர்எஸ்-485 லைனில் ரைட் அழைப்பு திரும்பிவிட்டது என்றால் தரவு கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதியின்) பஃபருக்குப் போயிற்று என்றுதான் பொருள், கம்பியில் போய் முடிந்தது என்றல்ல. அப்போதே டிரைவரை (கம்பிக்குச் சமிக்ஞை தரும் மின்சுற்றை) அணைத்தால் கடைசி பைட்டுகள் அறுபடும். கெர்னலில் ஆர்எஸ்-485 வசதி இருந்தால் அந்த வேலையை அதனிடமே விடுங்கள்.

சோதனைக்கு, பதிவு செய்த பைட்டுகளை ஒவ்வொன்றாக ஊட்டுங்கள். பிறகு மொத்தமாக ஊட்டுங்கள். பிறகு ஒரு செய்தியின் நடுவில் ஒரு பைட்டை நீக்கிவிட்டு ஊட்டுங்கள். முதல் இரண்டிலும் ஒரே செய்திகள் வர வேண்டும். மூன்றாவதில் ஒரே ஒரு செய்தி மட்டும் குறைய வேண்டும்.