மார்ட்டினி-ஹென்றி தோட்டாவுக்கு வீட்டிலேயே தக்கை

1879-இல் தென்னாப்பிரிக்காவின் இசாண்டல்வானா போரில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் தூக்கிச் சுட்ட அதே மார்ட்டினி-ஹென்றி ரகத் துப்பாக்கி என்னிடம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ், கருமருந்தின் அளவு எல்லாம் உங்களுக்கு அத்துப்படி என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே தக்கை மட்டும், அதாவது தோட்டாவுக்குள் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் வட்ட வில்லை.

பால் அட்டைப்பெட்டியைக் கழுவி, பிரித்து, காயவையுங்கள். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியது வேண்டாம், வெட்டும்போது ஓரம் பிரியும். 12 மி.மீ. தோல் பஞ்ச் (தோலில் வட்டமாகத் துளை போடும் கருவி) ஒன்று போதும். கடையில் விற்கும் பத்துப் பஞ்ச் செட் பக்கமே போகாதீர்கள், நூறு தக்கையில் மழுங்கிவிடும். மரக்கட்டையின் வெட்டுமுகத்தில் வைத்து மரச்சுத்தியால் ஒரே அடி. பலகையின் நீளவாட்டில் வைத்தால் ஓரம் மீசை மீசையாக வரும்.

அடுத்தது கொழுப்புத் தக்கை. தேன்மெழுகும் உருக்கிய ஆட்டுக்கொழுப்பும் சமபங்கு. நேரடி நெருப்பில் வைக்காமல், வெந்நீரில் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். தட்டில் 3 மி.மீ. கனத்துக்கு ஊற்றி, ஆறியதும் அதே பஞ்சால் வெட்டலாம். அடுப்படியில் ஆட்டு வாடை இரண்டு நாளைக்கு இருக்கும், வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி நான் சறுக்கிய இடம். அடுக்கும் வரிசை: மருந்து, அட்டை, கொழுப்பு, அட்டை, குண்டு. மேல் அட்டை இல்லாவிட்டால் கொழுப்பு குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே பறக்கும், குறி சிதறும். கீழ் அட்டையை நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிப்ரவரிக் கோடை வெயில், தோட்டாக்கள் கார் டிக்கியில். கொழுப்பு இளகி மருந்துக்குள் இறங்கிவிட்டது. சுட்டபோது 'டப்' என்று ஈரப் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், தோளில் உதையே இல்லை. குண்டு குழாயின் பாதியில் நின்றிருந்தது. பார்க்காமல் அடுத்ததைப் போட்டிருந்தால் குழாய் வெடித்திருக்கும். அதிலிருந்து கீழே இரண்டு அட்டை, கோடையில் மெழுகு இரண்டு பங்கு, கொழுப்பு ஒரு பங்கு.

அப்புறம் ஒன்று: தக்கை போட்ட பிறகும் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கவே கூடாது.

பின்சேர்ப்பு: அட்டைக்குப் பதில் ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணி) போடலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அசல் கம்பளி என்றால் போடலாம். ஒரு நூலை எடுத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. சுருண்டு உருண்டையானால் நைலான் வகை, உருகிக் குழாயில் அப்பிக்கொள்ளும்.