மோட்டார்ஹோமில் பேட்டரி மானிட்டர் பொருத்துதல்: நெகட்டிவ் கம்பிகளைத் தேடுவதே பாதி வேலை

மோட்டார்ஹோமுக்குள், அதாவது தங்கி வாழும் வசதியோடு கட்டிய வண்டிக்குள், எரியும் விளக்குகளும் தண்ணீர் பம்பும் ஹீட்டரின் விசிறியும் என்ஜின் பேட்டரியிலிருந்து அல்ல, அதற்கென்றே தனியாக வைக்கப்பட்ட 12 வோல்ட் வீட்டு பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. அந்தப் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வண்டியோடு வரும் பேனல் காட்டுவது பெரும்பாலும் வோல்டேஜை வைத்துப் போடும் உத்தேசக் கணக்குதான். சில மணி நேரம் ஓய்வில் இருந்த லெட்-ஆசிட் பேட்டரி நிறைந்திருந்தால் ஏறத்தாழ 12.7 வோல்ட்டும், பாதி தீர்ந்திருந்தால் ஏறத்தாழ 12.2 வோல்ட்டும் காட்டும். இந்த அரை வோல்ட் இடைவெளியும் பம்ப் ஓடத் தொடங்கியதும் குழம்பிவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியிலோ வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் அசையாமலேயே நிற்பதால், அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஆகவே உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் எண்ணிக் கணக்கு வைக்கும் மானிட்டர் தேவைப்படுகிறது.

எண்ணும் வேலையைச் செய்வது ஷண்ட் எனப்படும் சிறிய உலோகத் துண்டு. 500 ஆம்பியர், 50 மில்லிவோல்ட் என்று குறிக்கப்பட்ட ஷண்டின் வழியாக 10 ஆம்பியர் பாயும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே 1 மில்லிவோல்ட் தோன்றும். அந்த நுண்ணிய வேறுபாட்டை அளந்தே கருவி மின்னோட்டத்தை அறிகிறது. தன் வழியாகப் போகாத எதையும் அதனால் அறிய முடியாது. முன்வாசலில் நின்று ஆள் எண்ணுகிறவருக்குப் பின்வாசல் வழியாகப் போனவர் கணக்கில் வரமாட்டார். எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் என்னென்ன கம்பிகள் மாட்டப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பார்த்து ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும்.

ஃபியட் டுகாட்டோ போன்ற வேன்களின் மேல் கட்டிய வண்டிகளில் சாசியே, அதாவது வண்டியின் உலோகச் சட்டமே, நெகட்டிவ் பாதையாகப் பயன்படுவதால், பேட்டரியிலிருந்து சாசிக்குப் போகும் தடித்த கம்பி நிச்சயம் இருக்கும். அதோடு பிற்பாடு சேர்க்கப்பட்ட இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், வண்டி ஓடும்போது சார்ஜ் செய்யும் பூஸ்டர் ஆகியவற்றின் நெகட்டிவ் கம்பிகளும் நேராகப் பேட்டரி முனையிலேயே முறுக்கப்பட்டிருக்கலாம். இவை அனைத்தையும் கழற்றி ஷண்டின் சிஸ்டம் பக்கத்துக்கு, அதாவது பேட்டரியைப் பார்க்காத மறுமுனைக்கு, மாற்ற வேண்டும். பேட்டரி பக்கத்தில் பேட்டரிக்குப் போகும் ஒரே ஒரு கம்பிதான் இருக்க வேண்டும். சிஸ்டம் பக்க போல்ட்டில் நான்கைந்து லக்குகளை (கம்பியின் நுனியில் பொருத்தும் உலோக வளையங்களை) அடுக்குவதைவிட, அங்கிருந்து ஒரு தடித்த கம்பியைப் பல கம்பிகளை மாட்டக்கூடிய உலோகப் பட்டையான நெகட்டிவ் பஸ்பாருக்குக் கொண்டுபோய், மற்றவற்றை அதில் மாட்டுவதே மேல். இரண்டு பேட்டரிகள் இணையாக இருந்தால், பாசிட்டிவை ஒன்றிலிருந்தும் நெகட்டிவை மற்றொன்றிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும்.

வேலையைத் தொடங்கும்போது வெளி 230 வோல்ட் இணைப்பை முதலில் பிடுங்கிவிட்டு, இன்வெர்ட்டரையும் மற்ற கருவிகளையும் அணைக்க வேண்டும். அதன்பின் சோலார் பேனலைக் கன்ட்ரோலரிலிருந்து பிரிக்க வேண்டும். பேனல் மாட்டியிருக்கும்போதே பேட்டரியைக் கழற்றுவது பல கன்ட்ரோலர்களுக்கு ஆகாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்து, ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு, நெகட்டிவ் முனையை முதலில் எடுக்க வேண்டும்.

ஷண்டைப் பேட்டரிக்கு அருகில், ஈரம் படாத இடத்தில், அசையாதபடி திருகிப் பொருத்த வேண்டும். பேட்டரியிலிருந்து ஷண்டுக்கு வரும் புதிய கம்பி, வண்டியில் ஏற்கெனவே உள்ள மிகத் தடித்த நெகட்டிவ் கம்பிக்குக் குறையாத தடிமனில் இருப்பது அவசியம். லக்குகளைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும். இடுக்கியால் நசுக்கிய லக், 2,000 வாட் இன்வெர்ட்டர் இழுக்கும் 170 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தில் சூடேறும். லக் ஷண்டின் உலோகத்தை நேராகத் தொட வேண்டும். இடையில் வாஷர் வரக்கூடாது.

மானிட்டருக்கு மின்சாரம் தரும் மெல்லிய சிவப்புக் கம்பியைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே, அதற்குரிய சிறு ஃபியூஸோடு, மெயின் சுவிட்சுக்கு முன்பாக இணைக்க வேண்டும். சுவிட்சுக்குப் பின்னால் இணைத்தால், அணைக்கும் ஒவ்வொரு முறையும் கருவி நின்று கணக்கு அறுந்துபோகும்.

அமைப்புகளில் முதலாவது பேட்டரியின் கொள்ளளவு. விக்ட்ரான் நிறுவனத்தின் மானிட்டர்கள் 200 ஆம்பியர்-மணி என்ற கணக்கோடு வருவதால், 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அதை மாற்றாமல் விட்டால் சதவீதம் முழுவதும் பொய்யாகும். லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு வழக்கமாக 20 மணி நேரத்தில் மெதுவாகத் தீர்வதை வைத்துச் சொல்லப்படுவது. அதாவது 5 ஆம்பியராக எடுத்தால் 20 மணி நேரம் வரும் பேட்டரி, 100 ஆம்பியராக எடுத்தால் ஒரு மணி நேரம் தாங்காது. இதை ஈடுசெய்யும் பியூகெர்ட் எண்ணை லெட்-ஆசிட்டுக்கு 1.25 அளவிலும் லித்தியத்துக்கு 1.05 அளவிலும் வைக்கலாம்.

நிறைந்துவிட்டது என்று கருவி முடிவு செய்யும் வோல்டேஜைப் பற்றித்தான் கவனம் அதிகம் தேவை. அந்த வோல்டேஜைத் தாண்டியும் மின்னோட்டம் கொள்ளளவில் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியும் சில நிமிடங்கள் இருந்தால், கருவி 100 என்று மாற்றிக்கொள்ளும். சோலாரை நம்பி ஓடும் வண்டியில் இந்த வோல்டேஜ் 13.2 என்றே இருந்தால், மேகம் மறைத்து மின்னோட்டம் குறைந்த நேரத்தையும் நிறைந்த நேரமாக எடுத்துக்கொள்ளும். சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றுகிறது என்றால் 14.1 அல்லது 14.2 என்று வைப்பதே என் கணிப்பில் பொருத்தம்.

பேட்டரி நெகட்டிவைக் கடைசியாக மாட்டிய பிறகு, எல்லாம் அணைந்த நிலையில் ஆம்பியர் சுழிக்கு அருகில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விளக்கைப் போட்டால் குறை எண் வர வேண்டும்; கூட்டல் எண் வந்தால் ஷண்டின் இரு பக்கங்களும் இடம் மாறியுள்ளன. அதன்பின் சோலார், 230 வோல்ட் சார்ஜர், என்ஜின் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கிப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் பேட்டரி வோல்டேஜ் ஏறியும் மானிட்டரில் கூட்டல் எண் தோன்றாவிட்டால், அந்தக் கருவியின் நெகட்டிவ் இன்னும் ஷண்டைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பொருள். இன்வெர்ட்டருக்கும் இதே சோதனையை ஒரு கெட்டிலை வைத்துச் செய்யலாம்.

பல மானிட்டர்கள் மின்சாரம் கிடைத்த கணமே 100 என்று காட்டும். அதை நம்பாமல் பேட்டரியை ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்து கணக்கைத் தொடங்க வேண்டும். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தி மானிட்டரின் ஃபியூஸைக் கழற்றி வைத்தவர்கள், திரும்ப மாட்டிய பின்னும் அப்படியே செய்ய வேண்டும்.