செட்டிநாட்டுக் கொட்டகையிலிருந்து சென்னைப் பட்டறை வரை: பழைய ஸ்போர்ட்ஸ் காரை ட்ரெய்லரில் கொண்டுபோகும் முறை

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பின் தெருக் கொட்டகையில் பல வருடம் நின்றுபோன இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதை ஓட்ட முடியாது, சென்னைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். காரைக்குடியிலிருந்து சுமார் 400 கி.மீ. கையில் இருப்பது எம்.ஜி.பி. (பிரிட்டனின் எம்.ஜி. நிறுவனத்து ஸ்போர்ட்ஸ் கார்) என்று வைத்துக்கொண்டு எழுதுகிறோம். அதே காலத்து மற்ற வண்டிகளுக்கும் பெரும்பாலும் இதே முறைதான்.

கயிறு கட்டி இழுப்பதை மறந்துவிடுங்கள். 2017 சாலை ஓட்டுதல் விதிப்படி இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வேகமும் மணிக்கு 25 கி.மீ.-க்குள்தான். பழுதான வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்குச் சேர்க்க வைத்த ஏற்பாடு அது. விதியை விடவும் பெரிய தடை கியர் பாக்ஸ். நியூட்ரலில் போட்டாலும் பின் சக்கரம் உருண்டால் கியர் பாக்ஸுக்குள் மெயின் ஷாஃப்ட் என்ற தண்டு சுழலும். ஆயிலை வாரி மேலே இறைப்பது அதற்குக் கீழே உள்ள இன்னொரு தண்டான லே ஷாஃப்ட். அது எஞ்சின் ஓடினால்தான் சுழலும். ஆயில் ஏறாமல் மெயின் ஷாஃப்ட் மட்டும் மணிக்கணக்கில் சுற்றினால் புஷ்ஷும் பேரிங்கும் கருகிப் போகும். முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தாலும் இதே கதிதான். வேறு வழியே இல்லாமல் அப்படி இழுக்க நேர்ந்தால், டிஃபரன்ஷியல் பக்கம் ஜாயின்ட் ராடின் (கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) 4 போல்ட்டையும் கழற்றுங்கள். அதற்கு முன் ஒன்றோடொன்று சேரும் இரண்டு ஃபிளான்ஜிலும் (வட்டத் தகடு) நேர்க்கோடாகப் பெயிண்ட் அடையாளம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது அதிர்வு வரும். இந்த வண்டிக்கு அங்குல அளவு ஸ்பேனர் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

நான்கு சக்கரமும் மேலே ஏறும் இரட்டை அச்சு ட்ரெய்லர்தான் சரி. கார் சுமார் 1,000 கிலோ, ட்ரெய்லர் 500 முதல் 600 கிலோ; மொத்தம் 1,600 வரை வரும். இழுக்கும் வண்டி அதைவிடக் கனமாக, தனிச் சேஸிஸ் உள்ளதாக இருக்கட்டும். ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ வகை தாங்கும். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி நம்பர், எரியும் பின் விளக்கு, இண்டிகேட்டர் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இழுக்கும் வண்டியின் ஹூக்கிலுள்ள உருண்டை 50 மி.மீ., இரண்டு அங்குலம் என்று இரு அளவில் வருகிறது. வித்தியாசம் 0.8 மி.மீ.தான். ஆனால் இரண்டு அங்குலக் கப்ளரை (ட்ரெய்லரின் மூக்கில் உருண்டையைக் கவ்வும் பகுதி) 50 மி.மீ. உருண்டையில் மாட்டினால், மாட்டியது போலவே தெரியும், ஸ்பீடு பிரேக்கரில் எகிறிக் கழன்றுவிடும். மாட்டிய பின் ட்ரெய்லர் ஜாக்கியால் மூக்கைத் தூக்கிப் பாருங்கள். இழுக்கும் வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பிடிப்பு சரி. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறிபோல் குறுக்கே மாட்டுங்கள். கப்ளர் விட்டாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி மேலேயே தங்கும்.

கொட்டகையில் செய்ய வேண்டியது

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இந்த மாதிரி வண்டிகளுக்குக் காயம் பெரும்பாலும் கொட்டகைக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள ஐம்பது அடியில்தான் படுகிறது.

பூட்டிக்கொண்ட பிரேக்கோடு வண்டியை இழுக்காதீர்கள். பின் டிரம்முக்குள் லைனிங் துருவோடு ஒட்டியிருக்கும். பேக் பிளேட்டின் (டிரம்மை உட்பக்கம் மூடும் தகடு) பின்னால் சதுரத் தலையுள்ள அட்ஜஸ்டர் இருக்கிறது. அதில் துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் இடஞ்சுழியாகத் திருப்பித் தளர்த்தி, டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியால் தட்டுங்கள். இரும்புச் சுத்தி வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும். முன் டிஸ்க் பிடித்திருந்தால் காலிப்பரின் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) பிளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகை, கால் சுற்றுத் திறந்தால், ஹோஸ் உள்ளே அடைத்துத் தங்கியிருந்த அழுத்தம் வெளியேறும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், கீழே துணி வையுங்கள்.

கம்பி சக்கரமானால், நடுவிலுள்ள காது நட் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்துகொண்டு அடியுங்கள். காரின் இடப் பக்கத்தில் வழக்கமான வலஞ்சுழி மரை, வலப் பக்கத்தில் இடஞ்சுழி மரை. மாற்றி அடித்தால் இறுக்கிக்கொண்டே போவீர்கள்.

1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். பழக்கத்தில் மைனஸ் முனையில் ஸ்பேனர் வைத்து அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பாடியில் முடியும் கேபிள் எதுவென்று பார்த்து, அதை முதலில் கழற்றுங்கள். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் தரைக்குள் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். சைலன்சர் வாயிலும் ஏர் கிளீனரிலும் எலிக்கூடு இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

எளிதாக இருக்கட்டும் என்று சேஸிஸில் கொக்கி வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். 50 வயது கடந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021 முதல் வழி இருக்கிறது. அதற்குச் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஏற்றுதல்

செட்டிநாட்டுத் தெருக்கள் அகலம், ட்ரெய்லர் வந்து திரும்ப இடம் இருக்கும். கொட்டகை வாசலின் ஓரத்தில் ஓடும் வாய்க்கால்தான் சிக்கல். ஊரணிக்கு மழைத்தண்ணீர் போக வெட்டியது அது. அரையடிப் பள்ளமானாலும் எம்.ஜி.பி.யின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 12 செ.மீ. அளவுதான், சைலன்சர் அதற்கும் கீழே. வாய்க்காலின் மேல் இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகை போட்டு, சக்கரம் போகும் இரு தடத்திலும் சமமாக்குங்கள்.

சரிவுப் பலகையின் நீளமும் முக்கியம். ட்ரெய்லர் தளம் 45 செ.மீ. உயரமானால் 5 அடிச் சரிவில் கோணம் 17 டிகிரி. முன் பம்பரின் கீழ்த் தகடு முதலில் இடிக்கும், பிறகு உச்சியில் வயிறு தட்டும். 8 அடிச் சரிவானால் 11 டிகிரிக்கு இறங்கிவிடும். நீளமான சரிவு கிடைக்கவில்லையென்றால் அடியில் மரப் பலகைகளைப் படிபோல் அடுக்கி நீட்டுங்கள்.

ட்ரெய்லரை இழுக்கும் வண்டியில் மாட்டிய பிறகே காரை ஏற்ற வேண்டும். மாட்டாமல் ஏற்றினால், காரின் கனம் வால் பக்கம் வந்ததும் மூக்கு விர்ரென்று எழும். பின் கோடியின் அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) கயிற்றை பம்பரில் மாட்டாமல், முன் சேஸிஸின் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கும்படி மாட்டுங்கள். பிரேக் இல்லாத வண்டி. அதனால் ஒருவர் ஸ்டியரிங்கில், இருவர் பின் சக்கரங்களின் பின்னால் மரக் கட்டையோடு, ஒவ்வொரு அரையடிக்கும் கட்டையை நகர்த்தியபடி. அவர்கள் சக்கரத்தின் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். காருக்கு நேர் பின்னால் யாரும் நிற்கவே கூடாது. கட்டளை ஒருவர் மட்டுமே தர வேண்டும். "அண்ணே, நிப்பாட்டுங்க" என்று அவர் சொன்னால், வின்ச் சுற்றுபவர் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும்.

தளத்தின்மேல் காரை எங்கே நிறுத்துவது என்பதை மூக்குக் கனம், அதாவது கப்ளர் கீழே அழுத்தும் எடை, சொல்லும். சமதளத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கப்ளரைக் கழற்றி, வீட்டில் எடை பார்க்கும் தராசின் மேல் மரத்துண்டு நிறுத்தி அதன்மேல் கப்ளரை இறக்குங்கள். 1,600 கிலோ மொத்தத்துக்கு 80 முதல் 100 கிலோ காட்ட வேண்டும். ஹூக்கில் எழுதியிருக்கும் எல்லையையும் தாண்டக் கூடாது. குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்டும். கூடினால் இழுக்கும் வண்டியின் முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் லேசாகி, ஹெட்லைட் மரத்தின் உச்சியைக் காட்டும். அச்சுகளின் நடுவிலிருந்து கப்ளர் 3 மீட்டரானால், காரை 10 செ.மீ. முன்னே நகர்த்தினால் சுமார் 30 கிலோ கூடும். இரண்டு மூன்று முறை நகர்த்தினால் சரியான இடம் வந்துவிடும். அந்த இடத்தில் தளத்தின்மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு 50 மி.மீ. அகல ரேட்செட் பெல்ட் நான்கு, ஒவ்வொன்றும் வேலைச் சுமை 1,500 கிலோவுக்குக் குறையாமல். டயரின் மேல் வளைத்துப் பிடிக்கும் முறையையே நாங்கள் விரும்புகிறோம். ஸ்பிரிங் தன் போக்கில் ஆடும், அந்த ஆட்டத்தால் பெல்ட் இறுக்கம் குறையாது. கம்பி சக்கரத்தின் கம்பிகளுக்குள் பெல்ட்டை நுழைக்கக் கூடாது, கம்பி வளையும். பின் அச்சில் கட்டுவதானால் அதன்மேல் ஓடும் பிரேக் பைப்பை நசுக்காமல் பாருங்கள். முன்னே ஸ்டியரிங் ராடில் கொக்கி மாட்டவே கூடாது. முதல் கியரில் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள்.

துணிக் கூரையை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். காருக்குக் கவர் போடாதீர்கள். காற்றில் படபடக்கும் கவர், உள்ளே ஒட்டிய செம்மண் தூசியோடு சேர்ந்து உப்புத்தாள்போல் பெயிண்டைத் தேய்த்துவிடும். பானட் பின்பக்கம் கீலுள்ளது, முன்பக்கத் தாழ்ப்பாள் விட்டால் காற்று தூக்கிவிடும். குறுக்கே ஒரு மென்மையான பெல்ட் போடுங்கள்.

வழியில்

கிளம்பி 15 கி.மீ., காரைக்குடியிலிருந்து வந்தால் கானாடுகாத்தான் பிரிவு. அங்கே முதல் நிறுத்தம். கார் தளத்தில் அமர்ந்து, பெல்ட் கட்டாயம் தளர்ந்திருக்கும். நான்கையும் மறுபடி இறுக்குங்கள். ட்ரெய்லர் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடானால் பேரிங்கில் கிரீஸ் இல்லை அல்லது பிரேக் பிடிக்கிறது. அப்படியே போனால் சக்கரமே கழன்றுவிடும். அடுத்து திருமயம் கோட்டை தெரியும் இடம், பிறகு புதுக்கோட்டை, பிறகு திருச்சி. அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். ட்ரெய்லர் டயர்க் காற்றைப் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்கு, வண்டி குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள்.

நான்கு வழிச் சாலையிலும் 70-ஐத் தாண்டாதீர்கள், ஊர்ச் சாலையில் 50. ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தாதீர்கள், எதிர்த்துத் திருப்பாதீர்கள். கோயம்புத்தூருக்குப் போவதானால் தைப்பூசத்துக்கு முந்தின வாரங்களில் நத்தம், திண்டுக்கல் வழியைத் தவிருங்கள். பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள் சாலையோரம் முழுக்க இருப்பார்கள், அகலமான ட்ரெய்லருக்கு இடமே இருக்காது.

இறக்கும்போது முதலில் வின்ச் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பெல்ட்டுகளைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டுச் சுருட்டுங்கள். நூலுக்குள் தங்கிய செம்மண் துகள், அடுத்த முறை இறுக்கும்போது உள்ளிருந்தே அறுக்கும்.