மலையகத்தில் காணி வாங்கும்போது முற்பணத்துக்கு முன் மண்சரிவு அறிக்கை

நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கம் வீடு கட்டக் காணி பார்க்கிறீர்களா? முற்பணம் கொடுக்குமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை, அதாவது மண்சரிவு அபாயத்தைப் பார்த்து அந்த இடத்தில் கட்டலாமா என்று சொல்லும் அறிக்கையை, கேளுங்கள். உரிமையாளரின் சம்மதம், காணி உறுதியின் (உரிமைப் பத்திரத்தின்) பிரதி, நில அளவை வரைபடம், கட்டப்போகும் வீட்டின் மாதிரி வரைபடம் ஆகியவற்றோடு அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் இந்த அறிக்கை இல்லாமல் பிரதேச சபை கட்டிட வரைபடத்தை அனுமதிக்காது. பலர் உறுதி எழுதிய பிறகுதான் இதைத் தேடுகிறார்கள். அறிக்கை மறுக்கப்பட்டால், காணிப் பெறுமதியில் முதல் ஒரு லட்சத்துக்கு 3%, மிகுதிக்கு 4% என்று கட்டிய முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசு கட்டணமும் போனதுதான். அனுமதி கிடைத்தாலும் தாங்குசுவர், வடிகால் என்று நிபந்தனை வரலாம். சரிவான காணியில் அந்தச் செலவு சின்னதல்ல, அதை முன்கூட்டியே தெரிந்தால் விலை பேசலாம்.

காணிக்காரர் அவசரப்படுத்தினால், அறிக்கை பாதகமாக வந்தால் முற்பணம் முழுவதும் திரும்பவேண்டும் என்று விற்பனை உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

மரக்கறித் தோட்டத்துக்கு மட்டும் வாங்குவோருக்கு இது தேவையில்லை. அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் கதை வேறு: அங்கே முதலில் போகவேண்டிய இடம் பிரதேச செயலகம். விற்றவர் தன் வீட்டுக்கு எடுத்த பழைய அறிக்கையும் உங்கள் புதிய கட்டிடத்துக்குச் செல்லுபடியாகும் என்று எண்ணிவிடாதீர்கள்.