செமாக்ளூடைட் ஊசி: நிறுத்துவதற்கும் ஒரு திட்டம் வேண்டும்

சாப்பிட்டதும் குடலில் சுரந்து பசியை அடக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்யும் பெப்டைட் (சிறு புரதத் துண்டு) மருந்துதான் செமாக்ளூடைட். சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் தருகிறார்கள். இயற்கையான ஹார்மோன் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். இந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். வாரம் ஒரு ஊசி போதுமானதற்கும், நிறுத்தியதும் பலர் ஏமாறுவதற்கும் காரணம் இதுதான்.

எடைக் குறைப்புக்கு வழக்கமான படிகள்: வாரம் 0.25 மி.கி., பிறகு 0.5, 1, 1.7, 2.4. ஒவ்வொரு படியிலும் 4 வாரம். அளவு கூடும்போதுதான் குமட்டல் அதிகம். அடங்கவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லி அதே படியில் இன்னும் சில வாரம் இருக்கலாம், அவசரமே இல்லை. வயிறு நிறைந்த பிறகு உள்ளே போகும் கடைசி நாலு வாய்தான் பெரும்பாலும் வாந்தியாக வெளியே வரும்.

அளவைத் திருகி வைத்துப் போடும் டயல் பேனா ஊசியில் 0 வந்ததும் ஊசியை உருவிவிடாதீர்கள். 6 வரை எண்ணிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் மருந்து தோலில் வழிந்துவிடும். பேனா உறைந்துபோனால் உருகிய பிறகும் பயன்படாது. ஒரு வார ஊசி மறந்துபோச்சா? அடுத்ததற்கு 2 நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போடவே கூடாது.

‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று விற்கும் பொடிக் குப்பிகள் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதே சந்தேகம், கலப்பதிலும் கணக்கு தப்பும். 5 மி.கி. பொடியில் 1 மி.லி. நீர் சேர்த்தால் இன்சுலின் சிரிஞ்சின் 10 யூனிட்டில் (0.1 மி.லி.) 0.5 மி.கி. இருக்கும், 2 மி.லி. சேர்த்தால் 0.25 மி.கி.தான்.

இனி நிறுத்துவது. கடைசி ஊசிக்குப் பின் முதல் இரண்டு வாரம் பசி அடங்கியே இருக்கும், “மருந்தில்லாமலே சமாளிக்கிறேனே” என்று தோன்றும். அது மிச்சமிருக்கும் மருந்தின் வேலை. முழுதாக வெளியேற 5 முதல் 7 வாரம் ஆகும். அதற்குள் பசியும் சாப்பாட்டு நினைப்பும் திரும்பிவிடும். 2022-இல் வெளியான ஆய்வில், நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மன உறுதி இல்லாததால் அல்ல, பசியைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்ததால்.

ஆகவே நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்பே எடை தூக்கும் பயிற்சியைத் தொடங்கி, ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிடப் பழகுங்கள். வாரம் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். 2 கிலோ ஏறினாலே டாக்டரிடம் போங்கள், 8 கிலோ வரை காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் முதல் 6 வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். எடை குறைந்தபோது குறைத்த இன்சுலினையும் பிரஷர் மாத்திரையையும் டாக்டர் மாற்ற வேண்டிவரும்.

கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். முதுகுவரை பாயும் கடும் வயிற்றுவலி வந்தால் அடுத்த ஊசி கிடையாது, அன்றே மருத்துவமனை. பல வாரம் விட்டுவிட்டு மீண்டும் தொடங்குகிறவர் பழைய 2.4-இல் குதிக்காமல், டாக்டரிடம் கேட்டு 0.25-இலிருந்தே ஏறுவது நல்லது.