கணக்கு டீச்சரின் குறும்பு எங்கே சறுக்குகிறது?

கரும்பலகையில் 16/64 என்று எழுதுங்கள். மேலே இருக்கும் 6-ஐயும் கீழே இருக்கும் 6-ஐயும் அடித்துவிடுங்கள். மிச்சம் 1/4. விடை சரி. "சார், இப்படியெல்லாம் அடிக்கக் கூடாது!" என்று வகுப்பே கத்தும். ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அடுத்து 19/95 எழுதி 9-ஐ அடியுங்கள். 1/5. அதுவும் சரி. இப்போது கத்தியவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

நான் இதைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது. அன்றைக்கு மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் ஏதோ கூட்டம், அப்புறம் சனி, ஞாயிறு. அடுத்த தேர்வில் நாலைந்து பேர் 13/35-இல் 3-ஐ அடித்து 1/5 என்று எழுதியிருந்தார்கள். கேட்டால், "நீங்கதானே சார் செஞ்சு காட்டினீங்க?" பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஏமாற்றியதை அதே பீரியடில் அவிழ்த்துவிட வேண்டும். இந்தக் குறும்பைத் தொடங்கும் நேரம் முதல் பத்து நிமிடம்தான், கடைசிப் பத்து நிமிடம் அல்ல. அவிழ்ப்பதில்தான் பாடமே இருக்கிறது. தொகுதி, பகுதி இரண்டும் இரண்டிலக்க எண்களாக, ஒன்றுக்குக் குறைவான பின்னங்களில் இப்படி அடித்தும் விடை சரியாக வருவது நான்கே நான்கு: 16/64, 19/95, 26/65, 49/98. (10/20 மாதிரி பூஜ்ஜியத்தை அடிப்பது கணக்கில் இல்லை.) மீதி இரண்டைப் பிள்ளைகளையே தேடவிடுங்கள். தேடும்போது எத்தனை பின்னங்களில் விடை தப்பாகிறது என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். அதன்பிறகு யாரும் 13/35-ஐ அடிக்க மாட்டார்கள்.

அடுத்த சறுக்கல், ஒத்திகை இல்லாமல் மந்திரவாதி வேஷம் போடுவது. ஒரு மூன்றிலக்க எண்ணை நினைத்துக்கொள், முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறாக இருக்கட்டும், திருப்பிப் போட்டுப் பெரியதிலிருந்து சிறியதைக் கழி, வந்ததைத் திருப்பிப் போட்டுக் கூட்டு. எல்லோருக்கும் 1089. ஆனால் 423-ஐ நினைத்த பிள்ளைக்குக் கழித்தால் 99தான் வரும். அதை 099 என்று எழுதி 990-ஐக் கூட்ட வேண்டும் என்று நீங்கள் முன்பே சொல்லவில்லையென்றால், 99-உம் 99-உம் கூட்டி 198 என்று உட்கார்ந்திருக்கும். வகுப்பு முழுக்கக் கைதட்ட, அந்தப் பிள்ளை மட்டும் தனக்குக் கழிக்கத் தெரியவில்லை என்று நினைத்து ரஃப் நோட்டை மூடிவிடும். மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டுபிடித்த 6174-இலும் இதே பூஜ்ஜியக் குழி உண்டு. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழித்து, வந்ததை வைத்து அதையே திரும்பத் திரும்பச் செய்தால் 6174-இல் வந்து நிற்கும். 2111-இல் தொடங்கினால் முதல் கழித்தலிலேயே 999. அதை 0999 என்று வைத்தால்தான் வண்டி ஓடும்.

ஏப்ரல் முதல் தேதி "திடீர் தேர்வு, மார்க் ரேங்க் கார்டில் சேரும்" என்று மிரட்டிவிட்டு அப்புறம் சிரிப்பதைக் குறும்பு என்றே நான் சொல்ல மாட்டேன். கணக்கென்றாலே வயிற்றைப் பிசையும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்த மிரட்டலில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. என் அளவுகோல் இதுதான்: பிள்ளை தனக்குத் தெரிந்த கணக்கை வைத்து என்னைப் பிடிக்க வழி இருக்கிறதா? இருந்தால் செய்வேன். a = b என்று தொடங்கி 1 = 2 என்று நிரூபிக்கும் வேடிக்கையை ஏழாம் வகுப்பில் நான் போடாததும் இதனால்தான். இரண்டு பக்கமும் (a − b)-ஆல் வகுத்தபோது பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டோம் என்று பிடிக்க, காரணிப்படுத்தல் கைவந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் போட்டால் ரகளையாக இருக்கும்.

எனக்கே வெட்கமான தவறு ஒன்று. பலகையில் உண்மையாகவே தப்பாக எழுதிவிட்டு, ஒரு பிள்ளை சுட்டிக்காட்டியதும் "கவனிக்கிறீர்களா என்று பார்த்தேன்" என்று சமாளிப்பது. பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நம்புகிற பாதி, அடுத்த முறை நிஜத் தவறைக்கூட "சார் விளையாடுகிறார்" என்று விட்டுவிடும். இப்போதெல்லாம், "இன்றைக்கு மூன்று இடத்தில் தப்பு செய்வேன், பிடியுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாவதைப் பிடித்தால் அது என் சொந்தத் தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். நாலாவதைத் தேடுவதில்தான் அவர்களுக்கு வெறி.

செய்து காட்டுவதைவிடச் செய்யக் கொடுங்கள். 8 செ.மீ. சதுரத்தை இரண்டு முக்கோணம், இரண்டு சரிவகமாக வெட்டி 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கினால் பரப்பு 64-இலிருந்து 65 ஆகிவிடும். சார்ட்டில் தடித்த மார்க்கரால் வரைந்து தூரத்தில் தொங்கவிட்டால் அது வெறும் மாயம். கிராஃப் தாளும் கத்தரிக்கோலும் அவர்கள் கையில் இருந்தால், முக்கோணத்தின் சாய்வு 3/8, சரிவகத்தின் சாய்வு 2/5 என்று எண்ணிப் பார்த்துவிடலாம். இரண்டும் ஒன்றல்ல என்பதால் துண்டுகள் சரியாகப் பொருந்தாமல் நடுவே மெல்லிய இடைவெளி விழுகிறது. அது அகலமான இடத்தில்கூட ஒன்றரை மில்லிமீட்டர் வராது. போன வருஷம் ஒரு பெண் துண்டுகளை மேசையில் அடுக்காமல், தம்பியின் சிலேட்டை வாங்கி வந்து அதன்மேல் அடுக்கினாள். மூலைக்கு மூலை மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. "சார், அந்த ஒண்ணு இங்க இருக்கு" என்றாள்.