வேனில் இரண்டாவது பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை நெருங்கினால் தேனியில் எங்கள் பட்டறை வாசலில் வேன்கள் வரிசையாக நிற்கும். சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு சபரிமலைக்குக் கிளம்பும் குழுக்கள். வழியில் சட்னி அரைக்க மிக்சி ஓட வேண்டும். பஜனைக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ராத்திரி வண்டியை ஓரங்கட்டிப் படுத்தால் லைட்டும் ஃபேனும் வேண்டும். விடிந்ததும் வண்டி ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகவும் வேண்டும். அதற்காகத்தான் இரண்டாவது பேட்டரி. மற்ற மாதங்களில் டிபன் வண்டிக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கும் தேவை இதேதான்.

பத்தொன்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது நிறையப் பேர் வீடியோ பார்த்துத் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் கற்றுக்கொண்ட நாளில் நான் செய்த தவறுகளை, நான் செய்த அதே இடத்திலேயே, இன்றைக்கு ஒரு தம்பி செய்துவைத்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, நட்டை இறுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை மாட்டிய அன்றைக்கே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் கழுத்தைப் பிடிப்பவைதான் இவை.

100 ஏ.எச். என்றால் 100 ஏ.எச். என்று நம்புவது

ஏ.எச். என்றால் ஆம்பியர்-அவர், எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்ற கணக்கு. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜை இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் போய்விடும். ஆகவே 100 ஏ.எச். வாங்கினால் கையில் இருப்பது 50தான். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் போல இழுக்கும். விட்டு விட்டு ஓடி, நாளில் பாதி நேரம் ஓடினாலும் அதற்கே 50 ஏ.எச். ஆகிவிடுகிறது. 750 வாட் மிக்சி இன்வெர்ட்டர் வழியாக 70 ஆம்பியர் போல இழுக்கும். ஆனால் பத்து நிமிஷம்தான் ஓடும் என்பதால் 12 ஏ.எச்.தான் செலவு. பார்க்கப் பெரிதாக இருப்பது மிக்சி, பேட்டரியைக் காலி செய்வது ஃபிரிட்ஜ். பேட்டரி வாங்கப் போகும் முன் ஒரு தாளில் வாட்டையும் மணியையும் எழுதிப் பெருக்கி, 12ஆல் வகுத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் வழியாக ஓடுவதென்றால் விடையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரை அணைக்காமல் தூங்கினால் எதுவும் ஓடாமலேயே அதுவும் கொஞ்சம் தின்னும்.

இண்டக்‌ஷன் அடுப்பு

வேண்டாம். 2000 வாட் என்றால் 180 ஆம்பியருக்கு மேல். கேஸ் அடுப்பை இறக்கி வைத்து வெளியில் சமையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பியூஸ் போடுவது

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இத்தனை வருஷம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

போன சீசனில் ஒரு தம்பி தன் வேனைக் கொண்டுவந்தான். வேலை பார்க்க அழகாக இருந்தது. கேபிளுக்கு ஸ்லீவ் போட்டு, கிளிப் அடித்து, நேராக இழுத்திருந்தான். முன் பேட்டரிக்குப் பக்கத்தில் 80 ஆம்பியர் பியூஸ். கேபிளைப் பின்னால் வரை தொட்டுக்கொண்டே போனேன். இரண்டாவது பேட்டரியில் நேராக டெர்மினலில் முடிந்தது.

"இந்தப் பக்கம் பியூஸ் எங்க தம்பி?"

"அதான் முன்னாடி இருக்கேண்ணே. பின்னாடி இருக்கறது லோடுதானே?"

அந்த ஒரு சொல்லில்தான் தவறு முழுக்க இருக்கிறது. பின்னால் இருக்கும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது மட்டும்தான் லோடு, அதாவது கரண்ட் வாங்குவது. மற்ற நேரமெல்லாம் அதுவும் கரண்ட் கொடுக்கும் பேட்டரிதான். இரண்டு பேட்டரிக்கு நடுவில் ஓடும் ஒயரில் இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் வரும். முன்னால் இருக்கும் பியூஸ் முன் பேட்டரியிலிருந்து வருவதை மட்டுமே நிறுத்தும். நல்ல நிலையில் உள்ள 100 ஏ.எச். பேட்டரி நேராக ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளக்கூடியது. விரல் கனத்துக் கேபிளின் இன்சுலேஷன்கூடச் சில விநாடிகளில் உருக ஆரம்பித்துவிடும்.

2011 கார்த்திகையில் இதே வேலையை நான் செய்தேன். டூரிஸ்ட் வேன் ஒன்று. முன் பேட்டரியிலிருந்து கடைசி சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரி வரை 16 ஸ்கொயர் எம்.எம். கேபிள். முன்னால் பியூஸ், பின்னால் இல்லை. தரைத் தகட்டில் துளை போட்டுக் கேபிளை இறக்கிய இடத்தில் துளை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம், குரோமெட் என்பார்கள், அதை வாங்கிப் போட நேரமில்லை என்று டேப் சுற்றி விட்டேன். குழு அன்று சாயங்காலமே கிளம்ப வேண்டியிருந்தது.

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலையில் ஏறும்போது கருகல் வாடை. நடுப் பாதையில் விரித்திருந்த மேட்டுக்கு அடியிலிருந்து புகை. டிரைவர் அனுபவசாலி. வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்து, எல்லாரையும் இறக்கிவிட்டு, ஸ்பேனரை எடுத்து முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டார். செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகத்தான் செய்தார். புகை நிற்கவில்லை. முன்னால் இருந்த பியூஸ் ஏற்கெனவே போயிருந்தது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. தகட்டின் கூர்முனையில் உரசி உரசி அறுந்த இடத்தில் பொறி விட்டுக்கொண்டிருந்தது பின் பேட்டரி. அதன் மேல் அரிசி மூட்டை, அண்டா, இலைக்கட்டு. அப்படி ஒரு பேட்டரி அங்கே இருப்பதே டிரைவருக்குத் தெரியாது. சமையல்காரருக்கு ஞாபகம் வந்து, சாமான்களை வெளியே எறிந்துவிட்டு, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு டெர்மினலை முறுக்கி உருவினார். அவர் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்தில் ஓடிய வண்டியின் சொந்த ஒயரிங், சீட் ஃபோம், மேட் எல்லாம் வெந்திருந்தன. செலவை நான்தான் கொடுத்தேன், நாற்பதாயிரத்துக்குப் பக்கம். அன்றைக்குப் பின்னால் போடாமல் விட்ட பியூஸும் ஹோல்டரும் சில நூறு ரூபாய். குரோமெட் பத்து ரூபாய்.

ஆகவே, பியூஸ் இருப்பது சாமானைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. எங்கே கரண்ட் புறப்படுகிறதோ அங்கேயே, டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள், அது இருக்க வேண்டும். இரண்டு பேட்டரிக்கும் ஒவ்வொன்று. பின் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் ஒயருக்குத் தனியாக ஒன்று. லைட், ஃபேன் எல்லாம் ஒரு பியூஸ் பாக்ஸ் வழியாக. பியூஸின் அளவு ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒயர் 80 தாங்கினால் 100 போடுவதும் போடாமல் விடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயர் கிட்டில் வரும் விலை குறைந்த கண்ணாடிக் கூட்டுப் பியூஸ்களை நான் தொடுவதில்லை. போல்ட் போட்டு இறுக்கும் மிடி அல்லது மெகா பியூஸ்தான். லித்தியம் பேட்டரி என்றால் அதன் ஷார்ட் கரண்ட் இன்னும் மூர்க்கமானது. பியூஸ் உருகிய பிறகும் நடுவில் பொறி பாலம் கட்டி எரிந்துகொண்டே இருக்கலாம். அதற்கென்று உள்ள கிளாஸ் டி (Class T) பியூஸ் வாங்குங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. சிலர் இரண்டு பக்கமும் பியூஸ் போடுவார்கள். இரண்டு வாரத்தில், "அடிக்கடி பியூஸ் போகுதுண்ணே" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அதற்குள் பெரிய பியூஸ் போட்டிருப்பார்கள், இல்லை செம்புத் தகடு ஒன்றை வெட்டி வைத்திருப்பார்கள். காரணம் பியூஸில் இல்லை, ரிலேயில். இரண்டு பேட்டரியையும் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்தான் ரிலே. அதற்கு இக்னிஷன் சாவியிலிருந்து லைன் எடுத்தால், சாவி திருப்பியதும் ரிலே சேர்ந்துவிடும். முன் பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருந்தால் செல்ஃப் மோட்டார் தனக்கு வேண்டிய கரண்டைப் பின் பேட்டரியிலிருந்தும் அந்தக் கேபிள் வழியாகவே உறிஞ்சும். பியூஸ் போகாமல் என்ன செய்யும்? இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிப்பது ஆல்டர்னேட்டர். ரிலேக்கு லைன் அதன் சார்ஜ் காட்டும் முனையிலிருந்து வர வேண்டும். அல்லது வோல்டேஜ் பார்த்துத் தானே சேரும் ரிலே போடுங்கள். 13.3 வோல்ட் வந்ததும் சேர்ந்து, 12.8க்கு இறங்கினால் பிரியும். அப்படிப் போட்டால் இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகுதான் இரண்டும் சேரும், பியூஸும் போகாது.

வீட்டு ஒயரை இழுத்துவிட்டு பேட்டரியைக் குறை சொல்வது

"ஒரே வருஷத்துல பேட்டரி போயிடுச்சு, கம்பெனி சரியில்ல" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் ஒயரைத்தான் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் வீட்டுக்கு வாங்கியதில் மிஞ்சிய 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் இருக்கும். போக 4 மீட்டர், வர 4 மீட்டர் என்று வைத்தால் 40 ஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பின் பேட்டரிக்குப் போய்ச் சேருவது 12.8. சார்ஜ் ஏற ஏறக் கரண்ட் குறைந்து வோல்டேஜ் மெல்ல உயரும்தான். அதற்குள் வண்டி ஊர் போய்ச் சேர்ந்து அணைந்துவிடும். இப்படி நாள்தோறும் அரைகுறையாக ஏறினால் தகட்டில் சல்பேட் கட்டிக் கெட்டியாகிவிடும். அந்த பேட்டரியை அப்புறம் யாராலும் மீட்க முடியாது. அதே தூரத்துக்கு 16 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான்.

வாங்கும்போது கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே கனத்தில் அது செம்பு அளவுக்குத் தாங்காது. ஒயர் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பிங் உள்ள கடையில் அடித்து வாங்குங்கள். மைனஸுக்குத் தனி ஒயர் இழுக்காமல் வண்டித் தகட்டிலேயே பாடி எர்த் எடுப்பதாக இருந்தால் பெயிண்டைச் சுரண்டி, தகடு பளபளத்த பிறகு போல்ட்டை இறுக்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியில் கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏற மணிக்கணக்கில் ஆகும். ரெண்டு மணி நேர ஓட்டத்தில் அது நிறையாது. வாரத்தில் ஒரு ராத்திரியாவது வீட்டில் பிளக் போட்டு சார்ஜரில் விடுங்கள். ஓய்வில் சில மணி நேரம் இருந்த பிறகு மீட்டர் 12.6க்கு மேல் காட்ட வேண்டும். 12.1 என்றால் பாதி காலி.

பி.எஸ்.6 வண்டியில் பழைய முறையையே போடுவது

பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020க்குப் பிறகு வந்த வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் ஆள்கிறது. முன் பேட்டரி நிறைந்துவிட்டால் டீசல் மிச்சம் பிடிக்க வோல்டேஜை 12.8க்கும் கீழே இறக்கிவிடும். வோல்டேஜ் ரிலே உடனே பிரிந்துவிடும். "ரிலே ரிப்பேர்" என்று மூன்று ரிலே மாற்றியவரை எனக்குத் தெரியும். இந்த வண்டிகளுக்கு டி.சி.-டி.சி. சார்ஜர்தான் சரி. உள்ளே என்ன வந்தாலும் பின் பேட்டரிக்கு வேண்டியதை அது தயாரித்துக் கொடுக்கும். லித்தியம் பேட்டரிக்கு எந்த வண்டியானாலும் இதுதான். நேராகச் சேர்த்தால் லித்தியம் கிடைத்ததை எல்லாம் இழுத்து, வண்டி ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும்.

மைனஸ் முனையில் சிறிய சென்சார் பெட்டி இருந்தால் உங்கள் எர்த் ஒயரை அந்த முனையில் மாட்டாதீர்கள். சென்சாரைத் தாண்டி பாடியில் கொடுங்கள். இல்லாவிட்டால் அதன் கணக்கு தவறிவிடும்.

வீட்டு டியூபுலர் பேட்டரியை சீட்டுக்கு அடியில் வைப்பது

கரண்ட் கட் காலத்தில் வாங்கிய 150 ஏ.எச். பேட்டரி சும்மா கிடக்கிறதே என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அது ஒரே இடத்தில் நிற்பதற்காகச் செய்தது. மலை வளைவில் ஆசிட் தளும்பி வெளியே வரும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஆட்கள் படுத்துத் தூங்குகிற இடத்துக்கு அடியில் அதை வைக்க நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. சீல் செய்த பேட்டரி வாங்குங்கள்.

பேட்டரியைக் கட்டாமல் விடுவது

முப்பது கிலோ. சடன் பிரேக்கில் அது எங்கே போகும் என்று யோசித்துவிட்டு, அடியில் ஆங்கிள் அடித்து மேலே பட்டை போட்டு போல்ட் இறுக்குங்கள்.

டிரைவரிடம் காட்டாமல் அனுப்புவது

குமுளி மலையில் அந்த டிரைவருக்குப் பின் பேட்டரி இருப்பது தெரிந்திருந்தால் சமையல்காரரின் கை வெந்திருக்காது. இப்போது நான் போடும் ஒவ்வொரு வண்டியிலும் பின் கதவுக்குப் பக்கத்தில், மூட்டைகள் மறைக்காத உயரத்தில், பின் பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கும். வண்டியை எடுக்க முதலாளி வந்தாலும் டிரைவர் வராமல் சாவி கொடுப்பதில்லை. அவரைக் கூட்டிப்போய் இரண்டு பேட்டரியையும் காட்டி, அந்த சுவிட்சை அவர் கையாலேயே இரண்டு தடவை திருப்பச் சொல்லி, லைட் அணைவதைப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.